தோட்டப் பக்கம்: காட்டு உள்ளி – வாசகர் கேள்வி பதில்

மாசி பிறந்ததில் இருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இலையைப் பற்றியவை. ஜேர்மன் பேசும் ஊர்களில் பேர்லவுக், பிரெஞ்சில் ஐ தெஸ் ஊர்ஸ், இங்கிலாந்தில் றம்சன்ஸ் அல்லது வைல்ட் கார்லிக். தாவரவியல் பெயர் அலியம் உர்சினம். ஆங்கிலப் பெயர்களை விட்டால் மற்ற மூன்றிலும் கரடி ஒளிந்திருக்கிறது. தமிழில் சிலர் ‘காட்டுப்பூண்டு’ என்று எழுதியிருந்தார்கள். புல் பூண்டு என்று களையையும் சொல்வதால் குழப்பம் வரும். இந்தப் பக்கத்தில் காட்டு உள்ளி என்றே எழுதுகிறோம்.

பங்குனியில் சாடியோடு வாங்கிய காட்டு உள்ளியை வடக்குப் பார்த்த பல்கனியில் வைத்தேன். வைகாசியில் வெள்ளைப் பூ வந்தது. ஆனி நடுவில் இலை எல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? சாடியை எறிந்துவிடலாமா? (பேர்ண்)

எறியாதீர்கள், செடி உறங்குகிறது. காட்டில் இது பீச், ஓக், ஆஷ் போன்ற இலையுதிர் மரங்களின் கீழே வாழ்வது. மரங்கள் இலை விடுவதற்கு முன் தரைக்கு வெயில் கிடைக்கும் காலத்தில் இலை விட்டு வளர்ந்து, மேலே நிழல் மூடும்போது பூத்து விதைத்து முடித்துவிட்டு மண்ணுக்குள் போய்விடும். ஆனி, ஆடியில் இலை அழிந்து, மாசி, பங்குனியில் மறுபடி முளை காட்டும். இடைப்பட்ட ஏழெட்டு மாதமும் சாடி வெறும் மண்ணாகத்தான் தெரியும்.

உறங்குகிற செடிக்குத் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிடுவதுதான் பல்கனிச் சாடிகள் அழிவதற்கு முதல் காரணம். சமையலறை உள்ளிக்கு இருப்பதுபோல இதன் கிழங்குக்குக் காய்ந்த தோல் உறை கிடையாது. மெல்லிய வெள்ளைக் கிழங்கு, சின்ன விரல் நீளம். ஆடி வெயிலில் சாடி மண் ஒரு தடவை தூள் தூளாகக் காய்ந்தாலே கிழங்கு சுருங்கிவிடும். விரலை இரண்டு மூட்டு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் போதும், தட்டுப்படாவிட்டால் ஊற்றுங்கள். கோடையில் கிழமைக்கு ஒரு தடவையாவது தேவைப்படும். சாடிக்கு அடியில் தண்ணீர் தேங்கும் தட்டு வேண்டாம், தேங்கினால் கிழங்கு அழுகும்.

கடைச் சாடி அநேகமாகச் சின்னது. இலை மஞ்சளானதும் அல்லது புரட்டாதியில் பெரிய சாடிக்கு மாற்றுங்கள். ஆழம் 25 சென்ரிமீற்றர், அகலம் 30 இருந்தால் ஆறேழு கிழங்கு வைக்கலாம். மண் கலவை: தோட்ட மண் அல்லது பீற் (சதுப்பு நிலத்தில் வெட்டும் மக்கு) கலக்காத சாடி மண் இரண்டு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு, நீர் வடிய ஒரு கை பருமணல். றோடொடென்ட்ரன் பூச்செடிக்கு விற்கும் புளிப்பு மண்ணை வாங்கிவிடாதீர்கள். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இது நன்றாக வரும், கடும் அமில மண்ணில் மெலியும்.

மாரியில் சாடியை வீட்டுக்குள் எடுக்கவும் வேண்டாம். குளிர் படாவிட்டால் வசந்தத்தில் முளை வராது. பல்கனியில் சுவரோடு ஒட்டி வைத்து, சாடி முழுக்க உறையாமல் பழைய சாக்கு ஒன்றைச் சுற்றிவிட்டால் போதும்.

விதைப் பக்கெற் வாங்கிச் சித்திரையில் போட்டேன். ஐந்து மாதம் ஆகிறது, ஒன்றும் முளைக்கவில்லை. பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டார்களா? (ஸ்டுட்கார்ட்)

பழையதாகவும் இருக்கலாம். புதியதாக இருந்தாலும் ஐந்து மாதத்தில் முளைத்திருக்காது.

காட்டு உள்ளியின் விதை உதிரும்போது உள்ளே முளைக்கரு இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. ஈர மண்ணில் முதலில் ஒரு கோடைச் சூடு, அதன் பின் ஒரு மாரிக் குளிர், இந்த வரிசையில் இரண்டும் கிடைத்தால்தான் பசுமை வெளியே வரும். வரிசை மாறினால் வேலைக்காகாது. சித்திரையில் போட்ட உங்கள் விதைக்கு இப்போதுதான் சூடு முடிந்திருக்கிறது. இனி வரும் மாரியைக் கழித்து அடுத்த பங்குனியில் பாருங்கள். சில விதைகள் அதற்கும் அடுத்த வசந்தம் வரை இழுக்கும். அதனால் இரண்டு வசந்தம் போகும் வரை அந்த மண்ணைக் கொத்தாதீர்கள், வேறெதுவும் நடாதீர்கள்.

முளை வந்தாலும் ஏமாற வாய்ப்பு உண்டு. முதல் வருடம் ஒரேயொரு ஒடுங்கிய இலைதான் வரும். புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள். அடையாளத்துக்கு நாலு குச்சி நட்டு வையுங்கள். விதையில் இருந்து பூக்கும் செடியாக மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும்.

காய்ந்த பக்கெற் விதையை விட, ஆனியில் செடியில் இருந்து நேரே எடுத்த விதை பல மடங்கு நல்லது. மூன்று அறை கொண்ட காய் வெளிறி வெடிக்கத் தொடங்கும்போது, உள்ளே மிளகை விடச் சின்னதாகக் கறுத்த விதை தெரியும். அன்றைக்கோ மறுநாளோ ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் போட்டு, மேலே மக்கிய இலையைத் தூவி ஈரமாக வைத்திருங்கள். ‘பிறகு போடலாம்’ என்று கடித உறையில் வைத்தால் ஒவ்வொரு மாதமும் முளைக்கும் திறன் குறையும்.

பொறுமை இல்லையென்றால் கிழங்கை வாங்குங்கள். புரட்டாதி முதல் கார்த்திகை வரை தாவர நாற்றகங்களில் கிடைக்கும். வந்த அன்றைக்கே, கூர் மேலே பார்க்க, 5 முதல் 7 சென்ரிமீற்றர் ஆழத்தில், 10 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நடுங்கள். அன்று முடியாவிட்டால் ஈர மணலில் புதைத்து வைக்கலாம். மேசையில் கிடந்தால் இரண்டு நாளில் வாடும். இன்னொரு வழி, வசந்தத்தில் இலையோடு சாடியில் விற்பதை வாங்கி வேர்க்கட்டி உடையாமல் இறக்குவது. மூன்றில் இதுவே தவறிப்போகாத வழி என்பது எங்கள் கருத்து. இலையைக் கசக்கி மணந்து பார்த்து வாங்கலாமே.

அம்மா ஊரில் இருந்து வந்திருக்கிறார். நடக்கப் போகும்போது காட்டு ஓரத்தில் பை நிறையப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். ‘மணம் வருகுது, உள்ளிதான்’ என்கிறார். விஷ இலை கலந்துவிடும் என்று அயலவர் பயமுறுத்துகிறார். எப்படிப் பிரித்தறிவது? (சூரிச்)

அயலவர் சொல்வது சரி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வசந்தத்தில் காட்டு உள்ளியோடு ஒன்றாகத் தலை காட்டும் விஷ இலைகள் மூன்று. முதலாவதும் மிகக் கொடியதும் ஹெர்ப்ஸ்ட்ஸைட்லோஸ என்று ஜேர்மனில் சொல்லும் கொல்சிக்கம். இது எங்கள் கார்த்திகைப்பூவின் குடும்பம். கார்த்திகைக் கிழங்கில் இருக்கும் அதே கொல்சிசின் என்ற நஞ்சு இதன் இலையிலும் இருக்கிறது. ஊரில் அந்தக் கிழங்கு என்ன செய்யும் என்று அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் இலையே இல்லாமல் ஊதாப் பூ மட்டும் வெளியே வருவதால், வசந்தத்தில் தனியே நிற்கும் இலையை யாரும் அதனோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது மைக்ளொக்ஷென், ஆங்கிலத்தில் லில்லி ஒஃப் த வலி; இது இதயத் துடிப்பைக் குழப்பும். மூன்றாவது ஆரம் என்ற சேம்புக் குடும்பச் செடி. காறல் உள்ள சேம்பைத் தின்றதுபோல வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

மணத்தை நம்ப முடியாது. முதல் இலையைக் கிள்ளியதும் உங்கள் விரலே உள்ளியாக மணக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு எதைக் கிள்ளினாலும் உள்ளிதான். கண்ணும் விரலும்தான் பார்க்க வேண்டும்:

காட்டு உள்ளியில் ஒவ்வொரு இலையும் மண்ணில் இருந்து தனித் தனிக் காம்பில் எழும். காம்பை விரலால் தடவிக்கொண்டு மண் வரை போகலாம். இலை மெல்லியது, துவளும். பின்பக்கம் மினுக்கம் இல்லாமல் மங்கலாக இருக்கும்.

மைக்ளொக்ஷெனில் ஒரே தண்டில் இரண்டு இலை, ஒன்றை ஒன்று சுற்றியபடி வரும். பின்பக்கம் மினுங்கும், இலை விறைப்பு.

கொல்சிக்கத்தில் காம்பே இல்லை. தடித்த, மினுங்கும் இலைகள் ரியூலிப் போல ஒன்றை ஒன்று தழுவி ஒரே இடத்தில் இருந்து மேலே வரும். நடுவில் பச்சைக் காய் ஒன்று ஒளிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆரம் வளர்ந்தால் அம்பு முனை போலப் பின்னால் இரண்டு காது வரும். ஆனால் இளம் இலையில் காது இருக்காது. நரம்பைப் பாருங்கள்: உள்ளியில் நரம்புகள் அடியில் இருந்து நுனிக்குப் பக்கம் பக்கமாக ஓடும், ஆரத்தில் வலை போலப் பின்னியிருக்கும்.

நாங்கள் கீரை அறுக்கும் பழக்கந்தான் இங்கே ஆபத்து. ஒரு கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்துக் கத்தியால் அறுத்தால், நாற்பது நல்ல இலையோடு ஒரு கொல்சிக்கம் வந்துவிடும். அது உள்ளிக்கு நடுவிலேயே முளைக்கக் கூடியது. இலை இலையாகப் பறிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரை விரித்து, முருங்கைக் கீரை ஆய்வதுபோல ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து ஆயுங்கள். காம்பில்லாத இலை, தடித்த இலை, இரட்டையாக ஒட்டிய இலை எதுவானாலும் குப்பைக்கு. ‘இதுவோ அதுவோ’ என்ற சந்தேகம் வந்தாலும் குப்பைக்குத்தான்.

சமைத்தாலும் கொல்சிசின் அழியாது. தின்று 2 முதல் 12 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுத்தான் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அது குறைவதுபோலத் தெரிந்தாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் உறுப்புகள் செயலிழக்கலாம். ஆகவே சந்தேகம் வந்த உடனே, வாந்தி வரும் வரை காத்திராமல், சுவிஸில் நச்சு ஆலோசனை எண் 145ஐ அழையுங்கள். உடல்நிலை மோசமானால் அம்புலன்ஸ் எண் 144. மிஞ்சிய இலையையும் கறியையும் கொட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்; என்ன இலை என்று தெரிந்தால் வைத்தியருக்கு வேலை பாதி குறையும்.

இவ்வளவும் வாசித்த பிறகு, காட்டில் பறிப்பதை விட இரண்டு சாடியில் வளர்ப்பது நிம்மதி என்று தோன்றினால் அதுவே எங்கள் எண்ணமும். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் ஏற்கெனவே மைக்ளொக்ஷென் இருந்தால் அதன் பக்கத்தில் நடாதீர்கள். இரண்டும் நிழலை விரும்புபவை, நாலு வருடத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும்.

சந்தையில் ‘வைல்ட் கார்லிக்’ என்று வாங்கி நட்டேன். படத்தில் உள்ள அகன்ற இலை இல்லை, வெங்காயத் தாள் போல ஒடுங்கிய இலை. பூவும் தொங்குகிறது. மார்கழியிலேயே முளைத்துவிட்டது. இது என்ன? (ஹரோ)

தண்டை விரலுக்கு இடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டு உருளாமல் நின்றால், வெள்ளைப் பூவின் ஒவ்வொரு இதழிலும் நடுவில் பச்சைக் கோடு இருந்தால், அது அலியம் ரிகுவெற்றம். ஆங்கிலத்தில் திரீ கோர்னர்ட் கார்லிக். மேற்கு மத்தியதரைக் கடல் ஓரத்துச் செடி. தின்னலாம், மணமும் நல்லது, வெங்காயத் தாள் போடும் இடத்தில் எல்லாம் போடலாம்.

பிரச்சினை சட்டத்தில் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் 9ஆம் அட்டவணையில் இது இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதைக் காட்டுவெளியில் நடுவதும் பரவச் செய்வதும் குற்றம். அதே அட்டவணையில் அலியம் பரடொக்சம் என்ற இன்னொன்றும் உண்டு; பூவுக்குப் பக்கத்திலேயே குட்டிக் குமிழ்கள் தொங்கினால் அதுதான். வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் பிடுங்கிய கிழங்கையும் மண்ணையும் வேலிக்கு வெளியே கொட்டக் கூடாது, கூட்டெருவிலும் போடக் கூடாது, அங்கிருந்து தோட்டம் முழுக்கப் போகும். விதை விழ முன் பூவை வெட்டுங்கள். அகன்ற இலைக் காட்டு உள்ளிதான் வேண்டுமென்றால், தாவரவியல் பெயர் எழுதி விற்கும் இடத்தில் வாங்குங்கள்.

அதே 1981 சட்டப்படி, நிலச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கவும் முடியாது. சொந்தத் தேவைக்கு இலை கிள்ளுவது வேறு, நடுவதற்குக் கிழங்கு கிண்டுவது வேறு. ஜேர்மனியிலும் சொந்தப் பாவனைக்கு ஒரு கைப்பிடி அளவு எடுக்கலாம், இயற்கைக் காப்பகங்களில் அதுவும் ஆகாது. சுவிஸில் கன்ரனுக்குக் கன்ரன் (மாநிலத்துக்கு மாநிலம்) விதி மாறும்.

மூன்று வருடமாக வளர்க்கிறேன். கிண்டிப் பார்த்தால் உள்ளிப் பல்லே இல்லை. ஒரு வெள்ளைக் குச்சிதான் இருக்கிறது. எப்போது பல் வரும்? (ஒஸ்லோ)

வராது. இது இலைக்கு வளர்க்கும் உள்ளி. அந்த வெள்ளைக் குச்சிதான் முழுக் கிழங்கு; ஒவ்வொரு வருடமும் பழையது கரைந்து அதே இடத்தில் புதியது வரும். அதைத் தின்றால் செடியே போச்சு. கிண்டிப் பார்ப்பதையும் நிறுத்துங்கள்.

பல் வேண்டுமென்றால் புரட்டாதி, ஐப்பசியில் சாதாரண உள்ளிப் பல்லை வெயில் படும் பாத்தியில் நடுங்கள். காட்டு உள்ளியின் நிழலில் அது சரிவராது.

தோட்டம் முழுக்க இதுதான் இப்போது. புல்லுக்குள்ளும் வந்துவிட்டது. நிறுத்துவது எப்படி? (கென்ற்)

முதல் ஐந்து வருடம் ‘வரவில்லையே’ என்று கவலை, அடுத்த ஐந்து வருடம் ‘போகவில்லையே’ என்று கவலை. இந்தச் செடியின் இயல்பு இது.

கிழங்கு பக்கவாட்டில் ஓடிப் பரவுவதில்லை, விதையால்தான் பரவுகிறது. அதனால் மண்ணில் தகடு இறக்குவதெல்லாம் வீண் செலவு. பூ விரிந்து ஒரு கிழமைக்குள் தண்டோடு வெட்டிவிடுங்கள். மூன்று நாலு வருடம் விடாமல் வெட்டினால், மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதை முளைத்து முடிந்து, புதிய நாற்று நின்றுவிடும். புல்லுக்குள் வந்ததைச் சித்திரை முழுக்கப் புல்லோடு சேர்த்துக் குட்டையாக வெட்டுங்கள். இலை இல்லாமல் கிழங்குக்குச் சாப்பாடு சேராது, இரண்டு மூன்று வசந்தத்தில் மெலிந்து போகும்.

உடனே எடுக்க வேண்டிய இடம் என்றால், மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் மண்வாரியை 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விட்டு நெம்புங்கள். கையால் இலையைப் பிடித்து இழுத்தால் காம்பு அறுந்து கிழங்கு உள்ளேயே நிற்கும். இதன் வேர்கள் சுருங்கிச் சுருங்கிக் கிழங்கை வருடா வருடம் கீழே இழுப்பவை, பழைய செடி ஆழத்தில் இருக்கும்.

இலையில் செம்மஞ்சள் புள்ளி. விரலில் தூள் ஒட்டுகிறது. நத்தையும் கடிக்கிறது. மருந்து அடிக்கலாமா? (பாரிஸ்)

தூள் ஒட்டினால் துருநோய், ஒரு பூஞ்சை. தின்னும் இலைக்கு மருந்து வேண்டாம். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், கூட்டெருவில் அல்ல. செடி நெருக்கமாக இருந்து காற்று ஓடாததும், மாலையில் இலை நனையத் தண்ணீர் விடுவதும் இதைக் கூட்டும். காலையில் மண்ணில் ஊற்றுங்கள், புரட்டாதியில் கூட்டத்தைப் பிரித்து நடுங்கள். வைகாசிக் கடைசியில் புள்ளியும் தூளும் இல்லாமல் இலை மஞ்சளானால் அது நோயில்லை, உறக்கத்துக்குப் போகிறது.

நத்தை இளம் முளையைக் கொஞ்சம் கடிக்கும், பெரிதாக அழிக்காது. பசளை எதுவும் தேவையில்லை. ஐப்பசியில் விழும் மர இலைகளை மூன்று விரல் தடிப்புக்கு மேலே பரப்பி விடுங்கள், அதுதான் அதற்குப் பசளையும் போர்வையும்.

எவ்வளவு பறிக்கலாம்? சமைத்தால் மணம் போய்விடுகிறது, காய வைத்தால் வைக்கோல் மாதிரி இருக்கிறது. எப்படி வைத்துக்கொள்வது? (டோட்முண்ட்)

நட்ட முதல் வருடம் ஒன்றும் பறிக்க வேண்டாம். அடுத்த வருடத்தில் இருந்து செடிக்கு ஓர் இலை. ஒரு செடியில் இருப்பதே இரண்டு மூன்று இலைதான். எல்லாவற்றையும் எடுத்தால் அடுத்த வருடம் பாதி அளவுச் செடிதான் வரும். நல்ல இலை மொட்டு விரிவதற்கு முன் உள்ளது. பூத்த பின் நார்த்தன்மை கூடும், மணம் குறையும், ஆனால் தின்னலாம்.

உள்ளி மணம் இலைக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை. இலையை நறுக்கும்போதுதான் ஒரு நொதியும் ஒரு கந்தகப் பொருளும் கலந்து மணம் பிறக்கிறது. சூடு அந்த நொதியைக் கொல்லும், மணமோ இலகுவில் ஆவியாகிவிடும். அதனால்தான் காய்ந்த இலையில் மணம் இல்லை. வறை செய்வதானால் தேங்காய்ப்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் வதங்கி அடுப்பை அணைத்த பின் நறுக்கிய இலையைப் போட்டுக் கிளறி மூடி வையுங்கள். சட்டிச் சூடே போதும்.

சம்பலுக்கு அடுப்பே வேண்டாம். 50 கிராம் இலை, தேங்காய்ப்பூ 150 கிராம், பச்சை மிளகாய் மூன்று, சின்ன வெங்காயம் நாலு, உப்பு. இலை தவிர மற்றதை இடித்துவிட்டு, கடைசியில் இலையைப் போட்டு இரண்டு தட்டு. மேலே அரைத் தேசிக்காய். வழக்கமாகப் போடும் உள்ளியை இதில் விட்டுவிடுங்கள். இடியப்பத்தோடு அன்றைக்கே முடியுங்கள், மறுநாள் கசப்புத் தட்டும்.

வைத்துக்கொள்ள ஃப்ரீசர்தான் நல்லது. கழுவித் துடைத்த இலையை நறுக்கி, கொஞ்சம் எண்ணெய் பிரட்டி, ஐஸ் கட்டித் தட்டில் அழுத்தி உறைய வைத்தால் ஆறு மாதம் நிற்கும். எண்ணெயில் போட்டுச் சமையலறைத் தட்டில் வெளியே வைக்கவே கூடாது: காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் கிருமி வளரும், மணத்திலோ நிறத்திலோ தெரியாது. எண்ணெயில் அரைத்ததைப் பிரிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடியுங்கள்.

பலரும் விடுவது பச்சைக் காய். பூ கொட்டியதும் வரும் இளங்காய் 100 கிராமுக்கு 12 கிராம் உப்புப் பிரட்டி, இரண்டு கிழமை பிரிட்ஜில் வைத்து, கழுவி வினாகிரியில் போட்டால் நல்ல ஊறுகாய். பருப்புக் கறிக்கு மேலே நாலைந்து தூவலாம். தோட்டம் நிறையப் பரவிவிட்டதே என்று கென்றில் இருந்து எழுதியவருக்கும் இது உதவும்.

காட்டில் பறித்த இலையில் நரியின் நாடாப்புழு முட்டை இருக்குமாம். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும்தானே? (லூசேர்ன்)

சாகாது. நரி நாடாப்புழு முட்டை வீட்டு ஃப்ரீசரின் −18 பாகையைத் தாங்கும். அதைக் கொல்ல −80 பாகையில் சில நாள் வேண்டும், அது ஆய்வுகூடக் குளிர். ஆனால் சூட்டுக்குத் தாங்காது. 60 பாகைக்கு மேல் பத்து நிமிடம் சமைத்தால் முடிந்தது. பச்சையாகத் தின்பதென்றால் ஓடும் தண்ணீரில் இலையை ஒவ்வொன்றாக, இரு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. இந்தப் புழு சுவிஸிலும் தெற்கு ஜேர்மனியிலும் இருக்கிறது, பிரித்தானிய நரிகளில் இல்லை. சம்பலுக்கு வேலி போட்ட வீட்டுத் தோட்டத்து அல்லது பல்கனி இலை, வறைக்கும் சூப்புக்கும் காட்டு இலை என்று பிரித்துக்கொள்ளலாம். வறை என்றால் இந்த இலைக்கு மணத்தைத் தியாகம் செய்து நன்றாக வேக வைக்க வேண்டும்.

இங்கே ‘ராம்ப்ஸ்’ என்று ஒன்று. இதுவும் அதுவும் ஒன்றா? (மொன்றியல்)

உறவு, ஆனால் வேறு செடி: அலியம் ரைகொக்கம், வட அமெரிக்காவின் சொந்தக் காட்டு உள்ளி. இலை வந்து வாடிய பிறகுதான் பூத்தண்டு எழும். ஐரோப்பியச் செடியில் இலையும் பூவும் சேர்ந்து நிற்கும். ராம்ப்ஸ் இன்னும் மெதுவாக வளர்வது, விதையில் இருந்து பறிக்கும் அளவுக்கு வர ஏழு வருடம் வரை ஆகலாம். கியூபெக்கில் கிழங்கோடு பிடுங்கி விற்றே பல காடுகள் வெறிச்சோடிப் போனதால் 1995 முதல் விற்பனைக்குத் தடை. ஒருவர் சொந்தத் தேவைக்கு வருடம் 50 செடிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒன்ராறியோவில் இருந்து வாங்கி வந்து விற்கவும் முடியாது. வீட்டில் மேப்பிள் மரத்தின் கீழே நடலாம், நிழல், மக்கிய இலை, ஈரம் என்று மேலே சொன்ன பராமரிப்பு எல்லாம் இதற்கும் பொருந்தும். பறிக்கும்போது செடிக்கு ஓர் இலை, கிழங்கைத் தொட வேண்டாம்.

ஜேர்மனியில் உள்ள தங்கையிடம் விதை அனுப்பச் சொல்லலாமா? மாடித் தோட்டத்தில் வருமா? (கோயம்புத்தூர்)

வராது. குளிர்காலம் இல்லாமல் விதை முளைக்காது, கிழங்கும் எழும்பாது. தவிர, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையைத் தபாலில் இந்தியாவுக்கு அனுப்புவது விதிமீறல்.

உள்ளி மணம் உள்ள இலைதான் தேவை என்றால் துல்பாகியா வயலேசியா என்ற தென்னாபிரிக்கச் செடி உங்கள் மாடிக்குச் சரி. அந்த நாட்டில் அதைத்தான் காட்டு உள்ளி என்கிறார்கள். வெயில் தாங்கும், ஊதாப் பூ வருடத்தில் பல மாதம் இருக்கும், கூட்டத்தைப் பிரித்து நட்டே பெருக்கலாம். பூவும் இலையும் தின்னலாம். அலங்காரச் செடியாக விற்பதால் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். வாங்கி இரண்டு மாதம் கழித்துப் புதிதாக வந்த இலையை மட்டும் எடுங்கள்.

எங்கள் நாய்க்குட்டி சாடியில் உள்ள இலையைக் கடிக்கிறது. பரவாயில்லையா? (ஆகன்)

பரவாயில்லை என்று விட முடியாது. வெங்காயம், உள்ளி, லீக்ஸ் வகை எல்லாமே நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும், சோர்வும் வெளிறிய ஈறும் சில நாள் கழித்துத்தான் தெரியும். ஓர் இலை நுனியைக் கடித்திருந்தால் கவனித்துக்கொண்டிருங்கள். ஒரு கைப்பிடி தின்றிருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சாடியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.